கடனும் வீடும்: சட்டம் என்ன சொல்கிறது?

நம்மிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகளுக்குப் பதில் சொல்லுகிறோம்.

கடன் கட்டாவிட்டால் ஜெயிலா? உண்மையிலேயே கட்ட வழியில்லாதவனைக் கடனுக்காக மட்டும் ஜெயிலில் தள்ளக்கூடாதென்று 1980-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. வசதியிருந்தும் ஏய்ப்பவன் சங்கதி வேறு.

வீடு ஜப்தியாகுமா? வெறும் புரோநோட்டுக் கடனுக்கு, தொழிலாளியோ விவசாயியோ குடியிருக்கும் சொந்த வீட்டை ஜப்தி செய்ய முடியாது. சிவில் நடைமுறைச் சட்டம் 60-வது பிரிவு அதைத் தடுக்கிறது. ஆனால் அடமானம் வைத்த வீட்டுக்கு இந்தக் காப்பு கிடையாது. ஆகவே, பத்திரத்தைப் படிக்கச் சொல்லிக் கேட்ட பிறகே கையெழுத்துப் போடுங்கள்.

அடமான வீட்டைப் பாங்கி உடனே எடுக்குமா? 2002-ம் வருஷத்துச் சட்டப்படி 60 நாள் நோட்டீஸ் தரவேண்டும். அதற்குள் ஆட்சேபம் எழுதினால், 15 நாளில் பதில் தரவேண்டும். வீட்டை எடுத்தால் 45 நாளுக்குள் கடன் வசூல் தீர்ப்பாயத்தில் மனுப் போடலாம். விவசாய நிலத்துக்கு இச்சட்டம் செல்லாது.

மஞ்சள் கடுதாசி கொடுத்தால்? 1920-ம் வருஷத்து இன்சால்வென்சி சட்டப்படி மனுப் போடலாம். திவாலென்று கோர்ட்டு அறிவித்தால், 60-வது பிரிவு காக்கும் சொத்து நீங்கலாக மற்றவை கோர்ட்டு வசமாகும். அடமானக்காரன் உரிமையோ அப்படியே நிற்கும். அடமான வீட்டை மஞ்சள் கடுதாசி மீட்டுத் தராது.

நோட்டீசைப் பரணில் போட்டால் நாள் நிற்காது. வந்த தேதியைக் குறித்துக்கொண்டு, மறுநாளே சட்ட உதவி மையத்துக்குப் போங்கள். ஆலைத் தொழிலாளர், பெண்கள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினருக்கு அங்கே வக்கீல் இலவசம். அது பிச்சையல்ல, 1987-ம் வருஷத்துச் சட்டம் தந்த உரிமை!