அண்ணனிடம் தங்கை கற்றது

எதையும் எதிர்பார்க்காத அன்பைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் ஓர் அண்ணன், தங்கையைப் பற்றிச் சொல்கிறேன்.

அவிநாசி சாலையில் உள்ள அரவிந்த் கண் மருத்துவமனைக்கு உங்களில் பலர் போயிருப்பீர்கள். கோவைக்கு அது 1997-இல் வந்தது. ஆனால் ஆரம்பம் மதுரையில், 1976-இல், வெறும் 11 படுக்கைகளோடு. தொடங்கியவர் டாக்டர் ஜி. வெங்கடசாமி. அரசுப் பணியில் ஓய்வு பெற்ற பிறகு, 58 வயதில்! நமக்கெல்லாம் அந்த வயதில் பேரனைப் பள்ளியில் விடுவதே பெரிய வேலை.

எட்டயபுரம் பக்கம் விவசாயக் குடும்பம். அப்பா காலமான பின் தம்பி, தங்கைகளின் படிப்பையும் கல்யாணத்தையும் மூத்தவரான இவரே பார்த்தார். தனக்கென்று கல்யாணம் செய்துகொள்ளவில்லை. முடக்குவாதத்தில் விரல்கள் கோணிப்போயின. அந்தக் கைகளுக்குத் தகுந்தபடி கருவிகள் செய்து, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கண் அறுவைச் சிகிச்சைகளைச் செய்தார்.

கடைசித் தங்கை டாக்டர் நாச்சியார். அண்ணன் கூப்பிட்டதும் அரசு வேலையை விட்டுவிட்டு வந்தார். சம்பளம் குறைவு, வேலை அதிகம், அண்ணனோ ரொம்பக் கண்டிப்பு. கட்டடத்துக்காகக் குடும்ப வீடு அடமானம் போனது. நகைகளும் அடகுக்குப் போயின. தங்கை ஏன் நின்றார்? தம்பி, தங்கைகளுக்குக் கணக்குப் பார்க்காமல் செய்த அதே அண்ணன், முன்பின் தெரியாத நோயாளிகளுக்கும் அப்படியே செய்ததைப் பக்கத்திலிருந்து பார்த்தவர் அவர். பிறகு கிராமத்துப் பெண் பிள்ளைகளைச் சேர்த்து, கண் மருத்துவ உதவியாளர்களாகப் பயிற்சி கொடுத்து ஆளாக்கினார்.

எனக்கு மிகவும் பிடித்தது அங்குள்ள ஒரு வழக்கம். கட்டணப் பிரிவா, இலவசப் பிரிவா என்பதை வருகிறவரே முடிவு செய்யலாம். வருமானச் சான்றிதழ், ரேஷன் கார்டு எதையும் கேட்பதில்லை. இலவசப் பிரிவில் கட்டிலுக்குப் பதில் பாய் இருக்கலாம்; கண்ணை அறுப்பது அதே டாக்டர்கள்தான். 'ஏமாற்றுகிறவர்கள் வருவார்களே?' என்பீர்கள். வரட்டும். அதற்குப் பயந்து மற்றவர்களை விசாரணை செய்ய வேண்டாம் என்பதுதான் அந்த ஏற்பாடு.

இப்போது நம் வாசலுக்கு வருகிறேன். இரவு வாட்ச்மேன் அண்ணன் பார்வையாளர் நோட்டைக் கண்ணுக்கு ஒட்டி வைத்து எழுதுவதைப் பார்த்திருப்பீர்கள். கண் புரையாக இருக்கலாம். கேட்டால் 'பரவாயில்லைங்க' என்கிறார். ஆஸ்பத்திரிச் செலவுக்கு அவர் பயப்படவில்லை. லீவு போட்டால் சம்பளம் பிடிப்பார்கள், திரும்பி வந்தால் வேலை இருக்குமா என்பதுதான் பயம். வீட்டு வேலைக்கு வரும் அக்காக்களில் சிலருக்கும் இதே நிலை.

அதனால் சங்கத்தின் முன் இரண்டு கோரிக்கைகள் வைக்கிறேன். கண் பரிசோதனைக்கும் அறுவைக்கும் போகிற நாட்களுக்கு யாருக்கும் சம்பளம் பிடிக்கக் கூடாது, வேலையும் போகக் கூடாது. 'உண்மையிலேயே முடியலையா?' என்ற கேள்வியும் வேண்டாம். இரண்டாவது, அழைத்துப் போய்க் கூட்டிவரக் கார் வைத்திருப்பவர்கள் முறை போட்டு வர வேண்டும். முதல் முறை என்னுடையது. நோட்டு சங்க அலுவலக மேசையில் இருக்கிறது. பிளாட் எண்ணை எழுதுங்கள்.