நிச்சயமற்ற வியாபாரமும் மூடப்படும் மோட்டார் ஆலைகளும்

(தொழிற்சங்க ஊழியர் வகுப்பில் நிகழ்த்திய உரை)

ஒரு மோட்டார் கார் ஆலை மூடப்படும்போது இரண்டு அறிக்கைகள் வெளிவருவது வழக்கம். உலக மார்க்கெட் நிலைமை மாறிவிட்டதாகக் கம்பெனி ஓர் அறிக்கை விடும். மிகவும் வருந்துகிறோம், ஆனால் இது கம்பெனியின் வியாபார முடிவு என்று சர்க்கார் மற்றோர் அறிக்கை விடும். இரண்டையும் படித்து முடித்தால், ஆயிரக்கணக்கானவர்களின் வேலை போனதற்கு உலகில் எவருமே பொறுப்பில்லை என்று ஆகிவிடும். மழை பொய்த்தது, பயிர் கருகியது என்பதைப் போல, வியாபாரம் நிச்சயமற்றுப் போயிற்று, ஆலை மூடிற்று என்று நாமும் நம்பிவிட வேண்டும்!

இந்த நிச்சயமற்ற நிலையை உண்டாக்குகிறவர் யார்? அதன் விலையைக் கொடுப்பவர் யார்? நாம் இன்று பரிசீலிக்க வேண்டிய கேள்விகள் இவையே. இங்கிலாந்தில் ஸ்விண்டன் நகரில் நடந்ததை எடுத்துக்கொண்டு பார்ப்போம்.

ஸ்விண்டனில் நடந்தது

ஸ்விண்டன் ஒரு ரயில்வே ஊர். 1843 முதல் அங்கே கிரேட் வெஸ்டர்ன் ரயில்வேயின் பெரும் பட்டறை இருந்தது. பாட்டன், தகப்பன், மகன் என்று தலைமுறைகள் அதில் உழைத்தன. 1986-ல் பட்டறை மூடப்பட்டது. அதற்கு முந்திய ஆண்டுதான் ஜப்பானின் ஹோண்டா கம்பெனி ஊரின் ஓரத்தில் இருந்த பழைய விமானத் தளத்தை வாங்கியிருந்தது. 1992-ல் அங்கிருந்து கார்கள் வரத் தொடங்கின. ரயில் போனாலும் கார் வந்தது என்று ஊர் மூச்சு விட்டது.

2019 பிப்ரவரி 19-ம் தேதி, அந்த ஆலையை 2021-ல் மூடப்போவதாக ஹோண்டா அறிவித்தது. 2021 ஜூலை 30-ம் தேதி ஆலை நின்றது. 3,500 பேரின் வேலை போயிற்று. அவர்களை நம்பியிருந்த உதிரிப் பாகப் பட்டறைகள், லாரி ஓட்டுநர்கள், சாப்பாட்டுக் கடைகள் ஆகியோரின் கணக்கு வேறு. கார் செய்த நிலத்தைச் சரக்குக் கிடங்குகள் கட்டும் கம்பெனி ஒன்று வாங்கிக்கொண்டது.

இடையில் நடந்தது என்ன? 2016 ஜூன் 23-ம் தேதி, ஐரோப்பிய யூனியனிலிருந்து விலகுவது என்று பிரிட்டிஷ் மக்கள் வாக்களித்தார்கள். விலகிய பிறகு வியாபாரம் எந்த விதிகளின்படி நடக்கும் என்பதை மந்திரிகள் வருஷக்கணக்கில் தீர்மானிக்கவில்லை. ஒப்பந்தம் இல்லாமல் விலகினால் ஐரோப்பாவுக்குப் போகும் ஒவ்வொரு காருக்கும் 100-க்கு 10 வீதம் சுங்க வரி. எல்லையில் சோதனை வேறு. ஸ்விண்டன் ஆலைக்கோ ஐரோப்பாவிலிருந்து தினந்தோறும் சுமார் 350 லாரிகளில் பாகங்கள் வந்தன. உற்பத்தி வரிசையின் அருகே ஒரு மணி நேரத்துக்குப் போதுமான இருப்புதான் வைத்திருந்தார்கள். துறைமுகத்தில் லாரி நின்றால் ஆலையும் நிற்கும் என்ற அமைப்பு அது.

விலகும் தேதி 2019 மார்ச் 29 என்றார்கள். ஆக்ஸ்போர்டில் மினி கார் செய்யும் ஆலை, வழக்கமாகக் கோடையில் வரும் பராமரிப்பு விடுமுறையை அந்தத் தேதியை ஒட்டி ஏப்ரலுக்கு மாற்றியது. கடைசி நேரத்தில் தேதி தள்ளிப்போயிற்று. ஆலை மட்டும் திட்டப்படி மூடிக் கிடந்தது! பிறகு அக்டோபர் 31 என்றார்கள். அதுவும் போய், 2020 ஜனவரி 31-ல்தான் பிரிட்டன் விலகியது.

மூலதனம் காத்திருக்கும், வயிறு காத்திருக்குமா?

இங்கே கார்த் தொழிலின் ஒரு சூட்சுமத்தை நாம் புரிந்துகொள்ள வேண்டும். ஒரு மாடல் சில ஆண்டுகள்தான் ஓடும். அடுத்த மாடலை எந்த ஆலைக்குக் கொடுப்பது என்பதைப் பல ஆண்டுகள் முன்னதாகவே முடிவு செய்து, அச்சுக்கும் இயந்திரத்துக்கும் பணம் போட வேண்டும். நிலைமை தெளிவில்லாதபோது கம்பெனி உடனே ஆலையை மூடுவதில்லை. பழைய மாடலை ஓட்டிக்கொண்டே, புதிய பணம் போடாமல் இருந்துவிடுகிறது. ஷிப்டு நடக்கிறது, சங்கு ஊதுகிறது, சம்பளமும் வருகிறது. ஆனால் ஆலையின் ஆயுள் மட்டும் எவருக்கும் தெரியாமல் தேய்ந்துகொண்டிருக்கிறது. அறிவிப்பு வரும் நாளில் தொழிலாளிக்கு அது இடி. டைரக்டர்களுக்கோ பழைய செய்தி.

பிரிட்டனின் மோட்டார் தொழிலில் 2015-ல் அறிவிக்கப்பட்ட புதிய மூலதனம் சுமார் 250 கோடி பவுண்டு. 2018-ல் அது 59 கோடியைக்கூட எட்டவில்லை. 2016-ல் 17 லட்சத்துக்கு மேல் கார்கள் செய்த நாடு, 2022-ல் 7 லட்சத்து 75 ஆயிரம்தான் செய்தது. 1956-க்குப் பிறகு அதுவரை இவ்வளவு குறைவு இருந்ததில்லை. கொரோனாவும் சிப் பற்றாக்குறையும் இதில் சேர்ந்தே உள்ளன. ஆயினும் மூலதனம் வற்றியது அவற்றுக்கு முன்பே.

ஹோண்டாவின் தலைவர், பிரெக்ஸிட் காரணமல்ல, மின்சாரக் காருக்கு மாறும் உலக நிலைமையே காரணம் என்றார். அதே அறிவிப்பில் துருக்கி ஆலையிலும் சிவிக் கார் உற்பத்தி 2021-ல் நிற்கும் என்றார்கள். அந்த மாதம் 1-ம் தேதிதான் ஜப்பானுக்கும் ஐரோப்பிய யூனியனுக்கும் இடையே வியாபார உடன்படிக்கை அமலுக்கு வந்து, ஜப்பானியக் கார்மீதான 10 சத வரி படிப்படியாக இறங்கத் தொடங்கியிருந்தது. ஆக, காரணம் ஒன்றல்ல, பல. ஆனால் புதிய மாடலுக்குப் பல ஆலைகள் வரிசையில் நிற்கும்போது, நாளை என்ன வரி என்று சொல்ல முடியாத நாட்டின் ஆலை வரிசையின் கடைசிக்குத்தான் போகும்.

ஒரு வேதனையையும் சொல்ல வேண்டும். எந்த வரிக்கு அஞ்சினார்களோ அது வரவே இல்லை! 2020 டிசம்பர் 24-ல் ஏற்பட்ட உடன்பாட்டின்படி, பாகங்கள் பற்றிய விதிகளுக்கு உட்பட்ட கார்களுக்கு வரி கிடையாது என்று ஆயிற்று. அதற்குள் ஸ்விண்டனின் விதி எழுதி முடிந்துவிட்டது.

ஸ்விண்டனில் 100-க்கு சுமார் 55 பேர் விலகலுக்கே வாக்களித்தவர்கள், ஆகவே தங்கள் தலையில் தாங்களே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டார்கள் என்று ஏளனம் செய்தவர்கள் உண்டு. இந்தப் பேச்சை நாம் ஏற்கக் கூடாது. வாக்குச் சீட்டில் கேட்டது ஒரே கேள்வி. ஆலையை என்ன செய்யலாம் என்று தொழிலாளியை எவரும் கேட்கவில்லை.

நிச்சயம் யாருக்குக் கிடைத்தது?

நிச்சயம் என்பது தர முடியாத வஸ்துவா? 2016 அக்டோபரில், சண்டர்லாந்தில் ஆலை வைத்திருக்கும் நிஸான் கம்பெனிக்குப் பிரிட்டிஷ் மந்திரி கிரெக் கிளார்க் ஒரு கடிதம் எழுதினார். விலகலால் கம்பெனிக்குப் பாதகம் வராது என்று வாக்குறுதி. 8 கோடி பவுண்டு வரை உதவி பற்றிய பேச்சு. இந்தக் கடிதத்தைப் பார்லிமெண்டுக்குக்கூடக் காட்டவில்லை. 2019 பிப்ரவரியில், சண்டர்லாந்தில் செய்வதாக இருந்த எக்ஸ்-டிரெயில் காரை நிஸான் ரத்து செய்த பிறகே அது வெளிவந்தது.

ஆகவே, நிச்சயத்தை எழுத்து மூலம் கொடுக்க முடியும், முதலாளிக்குக் கொடுத்தார்கள். தொழிலாளிக்கு அப்படி ஒரு கடிதம் எவரும் எழுதவில்லை. வியாபார நிச்சயமின்மையின் சாரம் இதுதான்: அதை உண்டாக்குவது மேலே, சுமப்பது கீழே.

பிரிட்ஜெண்டும் மறைமலைநகரும்

இது ஒரு நாட்டின் கதையல்ல. வேல்ஸில் பிரிட்ஜெண்ட் என்ற ஊரிலிருந்த எஞ்சின் ஆலையை ஃபோர்டு கம்பெனி 2020 செப்டம்பரில் மூடியது. 1,700 பேர் வெளியேறினார்கள். மறு ஆண்டு செப்டம்பர் 9-ம் தேதி, அதே ஃபோர்டு இந்தியாவில் கார் செய்வதை நிறுத்தப்போவதாக அறிவித்தது. பத்து ஆண்டுகளில் 200 கோடி டாலருக்கு மேல் நஷ்டம் என்றது. மறைமலைநகர் தொழிலாளர்கள் நியாயமான இழப்பீட்டுக்காக 2022-ல் வேலைநிறுத்தம் செய்தார்கள். அந்த ஜூலையில் கடைசிக் கார் வெளியே வந்தது. 2025 அக்டோபரில், அங்கே எஞ்சின் செய்ய 3,250 கோடி ரூபாய் போடுவதாக உடன்பாடு ஆயிற்று. 600 பேருக்கு வேலை என்றார்கள். வரவேற்போம். ஆனால் முன்பு அங்கே வேலை செய்தவர்களின் வீடுகளில் நடுவில் கழிந்த ஆண்டுகளின் பள்ளிச் சம்பளத்தையும் வீட்டுக் கடன் தவணையையும் கட்டியது யார்?

2025 ஏப்ரல் 3-ல் அமெரிக்கா வெளிநாட்டுக் கார்கள்மீது 25 சத வரி போட்டது. அமெரிக்கத் தொழிலாளியைக் காப்பதற்கென்றே அந்த வரி என்றார்கள். அதே நாளில் ஸ்டெல்லாண்டிஸ் கம்பெனி கனடாவிலும் மெக்ஸிகோவிலும் ஆலைகளைத் தற்காலிகமாக நிறுத்துவதாகவும், அமெரிக்காவிலேயே 900 பேருக்கு லே-ஆஃப் என்றும் அறிவித்தது. மூன்று நாட்டுத் தொழிலாளிகளும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

நாம் செய்ய வேண்டியது

பொதுப் பணத்திலிருந்து நிலம், மின்சாரம், வரிச் சலுகை பெறும் கம்பெனி, எத்தனை ஆண்டுகள் எத்தனை பேருக்கு வேலை என்று எழுத்தில் உறுதி தர வேண்டும். அடுத்த மாடல், புதிய மூலதனம் பற்றிய தகவல்கள் சங்கத்துக்கு முன்கூட்டியே கிடைக்க வேண்டும். மூடுவதானால் நீண்ட நோட்டீஸ், முறையான இழப்பீடு, மாற்றுத் தொழிற்பயிற்சி ஆகிய மூன்றும் வேண்டும். காண்ட்ராக்ட் தொழிலாளிக்கும் உதிரிப் பாக ஆலைத் தொழிலாளிக்கும் இவற்றில் பங்கு வேண்டும். நம் நாட்டில் 100 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஆலையை மூட சர்க்கார் அனுமதி தேவை என்றிருந்ததை, 2025 நவம்பரில் அமலுக்கு வந்த புதிய சட்டம் 300 ஆக உயர்த்திவிட்டது. சிறிய உதிரிப் பாக ஆலைகளுக்குத்தான் இதில் பேராபத்து.

தோழர்களே, இன்று ஷிப்டு நடக்கிறது என்பதால் நாளை நிச்சயம் என்று இருந்துவிடாதீர்கள். உங்கள் ஆலையில் கடைசியாகப் புதிய இயந்திரம் வந்தது எப்போது? அடுத்த மாடல் எந்த ஊருக்கு? இந்த இரண்டு கேள்விகளையும் நிர்வாகத்திடம் இப்போதே, எல்லோரும் சேர்ந்து கேளுங்கள். அறிவிப்பு வந்த பின் கேட்பது பயன் தராது.