சாவி யார் கையில்?



செயற்கை அறிவு வேண்டுமா, வேண்டாமா என்று வாதிட நான் வரவில்லை. அது அலுவலகங்களுக்குள்ளே வந்து அமர்ந்துவிட்டது. கடிதம் எழுதுகிறது, கணக்குப் பார்க்கிறது, மனுக்களைச் சுருக்கித் தருகிறது. அதனை ஒரே நிறுவனத்திடம் பெறுவதா, பல நிறுவனங்களிடம் பெறுவதா? இதுவே இன்றைய கேள்வி. பொறியாளர்கள் பேசித் தீர்க்கட்டும், நமக்கென்ன என்று எண்ணிவிடாதீர்கள். வேலை நின்றால் வரிசையில் காத்து நிற்கப்போவது நாமும் நம்மவரும்தான்!

ஒன்றே போதும் என்போர் கூற்றிலும் உண்மை உண்டு, மறைக்கமாட்டேன். ஒருவரிடம் வாங்கினால் ஒரே ஒப்பந்தம், ஒரே கட்டணம், ஒரே பழக்கம். பலரிடம் சென்றாலோ, ஒரு மாடலுக்கு எழுதிய கட்டளை மற்றொன்றிடம் அதே விடையைத் தருவதில்லை. அனைத்தையும் மறுபடி சோதித்தாகவேண்டும். மக்களைப் பற்றிய தகவல் ஓரிடத்துக்குப் பதிலாக மூன்றிடங்களுக்குச் செல்லும். செலவும் ஏறும், காவலும் கூடவேண்டும்.

அப்படியானால் ஒன்றோடு நின்றுவிடலாமா? நடந்ததைப் பாருங்கள். 2023 மார்ச்சு இறுதியில் இத்தாலியின் தகவல் பாதுகாப்பு ஆணையம் ஆணையிட்டது. சாட்ஜிபிடி அந்நாட்டிலே ஏறத்தாழ ஒரு மாதம் மூடிக்கிடந்தது. அதே ஆண்டு நவம்பர் 17-இல், அதை நடத்தும் ஓப்பன்ஏஐயின் இயக்குநர் குழு, தலைமை நிர்வாகி சாம் ஆல்ட்மனை நீக்கியது. ஏறத்தாழ 770 ஊழியர்களில் 700-க்கும் மேற்பட்டோர், தாமும் வெளியேற நேரும் என்று எச்சரித்துக் கையெழுத்திட்டனர். ஐந்து நாட்களுக்குள் அவர் திரும்பினார். நன்று! ஆனால் அந்த ஐந்து நாட்களும், அந்நிறுவனத்தையே நம்பியிருந்தோர் நிலை என்ன? சண்டை அங்கே, சஞ்சலம் இங்கே! 2024 சனவரி 4-இல் அதே நிறுவனம் தன் பழைய மாடல்கள் பலவற்றை நிறுத்தியது. அவற்றின்மீது கட்டியோர் மாற்றிக் கட்ட நேர்ந்தது.

ஓப்பன்ஏஐயில் 1000 கோடி டாலருக்கும் மேல் முதலிட முன்வந்த மைக்ரோசாப்ட்டே, 2025 செப்டம்பரில் தன் கோபைலட்டில் ஆந்த்ரோபிக் எனும் போட்டி நிறுவனத்தின் மாடல்களையும் சேர்த்துக்கொண்டது. பங்காளிக்கே ஒன்று போதவில்லை, வாடிக்கையாளருக்குப் போதுமா?

ஆயினும், பல என்ற சொல்லிலும் ஒரு மயக்கம் உண்டு. 2025 நவம்பர் 18-இல், எண்ணற்ற இணையதளங்களுக்கு இடைவழியாக நிற்கும் கிளவுட்ஃபிளேர் நிறுவனத்தில் கோளாறு நேர்ந்தது. சாட்ஜிபிடியும் தடைப்பட்டது, ஆந்த்ரோபிக்கின் கிளாடும் தடைப்பட்டது. கடைகள் இரண்டு, போகும் பாலம் ஒன்று! பாலம் இடிந்தபின் கடைகளை எண்ணி என்ன பயன்?

எனவே நான் சொல்லும் வழி இது. அன்றாட வேலைக்கு ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். அது நின்றால் எடுத்தாள, வேறு பாலத்தின் வழியே வருகிற இரண்டாவதை முன்பே சோதித்து வையுங்கள். 2023 சூலையில் மெட்டா வெளியிட்ட லாமா 2 போல, இறக்கி நம் கணினியிலேயே இயக்கத்தக்க மாடல்களும் உண்டு. நம் பதிவேடுகளும், கட்டளைகளும், சோதனைக் கேள்விகளும் நம் கைவசமே இருக்கட்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, எந்திரம் இன்றியும் அந்த வேலையைச் செய்யத் தெரிந்த மனிதர் சிலர் அந்த அலுவலகத்தில் இருந்தே தீரவேண்டும்.

நாளை உங்கள் கூட்டுறவுச் சங்கத்திலோ, தொழிற்சங்க அலுவலகத்திலோ ஒப்பந்தத் தாளை நீட்டுவார்கள். விலையைக் கேளுங்கள், அதோடு, "நாங்கள் விலக நினைத்தால், எங்கள் பொருளோடு விலக முடியுமா?" என்றும் கேளுங்கள். தெளிவான விடை இல்லையேல், கையெழுத்தும் இல்லை! வீட்டுக்கு வாசல் ஒன்றோ இரண்டோ இருக்கட்டும், தோழர்களே. சாவி நம் கையில் இருக்கட்டும்!