சின்னஞ்சிறு வயிறும் சீனித் தேநீரும்

காலை ஆறு மணி. யாழ்ப்பாணக் கிராமமொன்றிலுள்ள ஒரு சிறு வீடு. தந்தையார் தோட்டத்துக்கு நீரிறைக்கச் சென்றுவிட்டார். தாயார் மூத்த பிள்ளையைப் பாடசாலைக்கு ஆயத்தஞ் செய்துகொண்டிருக்கின்றார். மூன்று வயதுள்ள இளைய குழந்தை எழுந்து அழுகின்றது. சீனி கலந்த தேநீரும் இரண்டு விசுக்கோத்தும் அதன் கையிற் கொடுக்கப்படுகின்றன. அழுகை ஓய்கின்றது. எட்டு மணிக்குப் புட்டும் முருங்கையிலை வறையும் முன்னே வைக்கப்பட்டபோது, குழந்தை வாயை இறுக மூடிக்கொள்கின்றது. "பிள்ளைக்குச் சாப்பாட்டிலே மனமில்லை" என்று தாயார் கலங்குகின்றார். "நாவூறு பட்டுவிட்டது" என்கின்றார் அம்மம்மா. பத்து மணிக்கு மீண்டும் பசி வருகின்றது. மீண்டும் விசுக்கோத்து வருகின்றது.

இக்காட்சி ஒரு வீட்டுக்கு மட்டும் உரியதன்று. தோட்டப்புறத்து வரிசை வீட்டிலும், கொழும்பு மாநகரின் மாடி வீட்டிலும் இதனைக் காணலாம். குழந்தைக்கு வந்தது நோயுமன்று, நாவூறுமன்று. அதன் வயிறு மிகச் சிறியது. வளர்ச்சியின் தேவையோ பெரியது. அச்சிறிய இடத்தைச் சீனி நீரும் மாப்பண்டமும் முந்திக்கொண்டு நிரப்பிவிட்டால், புரதத்துக்கும் இரும்புச் சத்துக்கும் இடமெங்கே?

தேநீரினால் விளையுங் கேடு இன்னும் ஒன்றுண்டு. தேயிலையிலுள்ள துவர்ப்புப் பொருள், கீரையிலும் தானியத்திலுமுள்ள இரும்புச் சத்தை உடல் ஏற்காதபடி தடுக்கின்றது. இரும்புச் சத்துக் குறைந்தாற் குருதி நலியும். குருதி நலிந்த பிள்ளை சோர்ந்திருக்கும். அதன் கற்கும் ஆற்றலுங் குன்றும். முதலாம் வகுப்பிற் கவனமின்றி அமர்ந்திருக்கும் பிள்ளையை மந்தபுத்தியுள்ளதென்று எளிதிற் கூறிவிடுகின்றனர். அதன் காரணம் சில வேளைகளில் மூன்றாண்டுகளுக்கு முன்னர் அடுக்களையிலே தொடங்கியிருத்தல் கூடும்.

சீனியின் அளவைச் சற்று நோக்குதல் தகும். மொத்தச் சத்தியில் 10 வீதத்துக்கு மேற்படாத அளவே சேர்க்கப்பட்ட சீனியிலிருந்து கிடைத்தல் வேண்டுமென்றும், அதனை 5 வீதத்துக்குக் குறைத்தல் மேலும் நன்றென்றும் உலகச் சுகாதார நிறுவனம் 2015 ஆம் ஆண்டில் அறிவுறுத்தியது. நாளொன்றுக்கு ஏறக்குறைய 1300 கலோரி வேண்டிய சிறு பிள்ளைக்கு முதலாம் அளவு 32 கிராம். இரண்டாம் அளவு 16 கிராம். ஒரு தேக்கரண்டிச் சீனி நான்கு அல்லது ஐந்து கிராம் நிறையுள்ளது. மூன்று வேளைத் தேநீரில் இவ்விரண்டு கரண்டி சேர்ந்தாலே முதலாம் எல்லை நெருங்கிவிடுகின்றது. பனங்கட்டியும் தேனும் இக்கணக்கினின்று விலக்குப் பெற்றவையல்ல. தேனை ஒரு வயது நிரம்பாத குழந்தைக்கு நாவில் தடவுவதும் ஆகாது. அதனால் அரிதாகக் கொடிய நஞ்சூட்டு நோய் உண்டாகலாம்.

போத்தற் பானங்களை அறிந்துகொள்ள இலங்கையில் 2016 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் முதல் ஒரு வழி ஏற்பட்டது. 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேற்பட்ட சீனியுள்ள பானத்துக்குச் சிவப்பும், 2 முதல் 11 கிராம் வரையுள்ளதற்கு மஞ்சளும், அதனிற் குறைந்ததற்குப் பச்சையும் அடையாளமாக விதிக்கப்பட்டன. எழுத்தறியாத பாட்டியாரும் நிறமறிவார். ஆயினும் கடைக்காரர் எடுத்துக் கொடுக்க, விருந்தினர் வாங்கி வர, குழந்தை கைநீட்ட, அந்நிறத்தை நோக்குவோர் எத்தனை பேர்?

இனி, குழந்தைக்கு வேண்டியன யாவை? முதல் ஆறு மாதங்களுக்குத் தாய்ப்பால் ஒன்றே போதும், நீருங்கூட வேண்டுவதில்லை. ஆறு மாதம் நிறைந்தபின் தாய்ப்பாலுடன் மசித்த உணவு தொடங்குதல் வேண்டும். இரண்டு வயதுக்கு அப்பாலும் தாய்ப்பால் தொடரலாம். ஒன்பது மாதத்தின் பின்னர் நாளுக்கு மூன்று அல்லது நான்கு வேளை உணவும், இடையே ஓரிரு முறை சிற்றுணவும் பொருந்தும். அச்சிற்றுணவு விசுக்கோத்தாக இருத்தல் வேண்டுமென்ற நியதியில்லை. வாழைப்பழத் துண்டும், பப்பாசியும், அவித்து மசித்த பயறும் சிற்றுணவே.

"நல்லுணவு செல்வருக்கன்றோ?" என்று சிலர் வினவுவர். அவ்வினாவை அலட்சியஞ் செய்தலாகாது. 2022 ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியின்போது இலங்கையில் உணவுப் பொருள்களின் பணவீக்கம் 90 வீதத்தைக் கடந்தது; பால்மாவும் முட்டையும் பல வீடுகளுக்கு எட்டாக்கனியாயின. இத்தகைய வீட்டிலுள்ள தாயிடம் மீனும் முட்டையும் பாலும் நாள்தோறும் கொடுவென்று பணித்துச் செல்லுதல் உதவியாகாது. அது அவள் மனத்திற் குற்ற உணர்வையே விதைக்கும்.

உதவ விரும்புவோர், அவ்வீட்டு வேலியையும் அடுக்களையையும் முதலிற் பார்த்தல் வேண்டும். வேலியில் முருங்கை நிற்கும். அதன் இலையைத் தேங்காய்ப்பாலுடன் சமைத்தால், கொழுப்பின் துணையால் விற்றமின் 'ஏ' உடலிற் சேரும். ஒரு துளி தேசிக்காய்ச் சாறு பிழிந்தால் இரும்புச் சத்து எளிதிற் சுவறும். அரிசியிற் குறைந்த புரதக் கூற்றைப் பயறும் பருப்பும் நிறைவு செய்யும். நெத்தலிக் கருவாட்டை ஊறவைத்து உப்பகற்றி, இடித்துச் சோற்றுடன் பிசையலாம். குரக்கன் கூழும் இலைக்கஞ்சியும் முன்னோர் கண்ட காலையுணவுகள். விசுக்கோத்துக்கும் போத்தற் பானத்துக்கும் ஒரு கிழமையிற் செல்லுங் காசைத் தனியே எடுத்து வைத்தால், சில முட்டைகளுக்கேனும் அது வழி செய்யும்.

நிறை குறைந்த குழந்தைகளுக்கும் கருவுற்ற தாய்மாருக்கும் திரிபோஷ மா 1973 ஆம் ஆண்டு முதல் கிளினிக்குகள் வாயிலாக வழங்கப்பட்டு வந்துள்ளது. சோளமும் சோயாவும் பால்மாவுஞ் சேர்ந்த அம்மா, குழந்தைக்கென்றே கொடுக்கப்படுவது. வறுமையினால் வீட்டிலுள்ளோர் அனைவரும் அதனைப் பகிர்ந்துண்ணும்போது, நோக்கம் பாதியிலே நின்றுவிடுகின்றது.

பருகுவதற்கு நீரே சிறந்தது. கொதித்தாறிய நீரை ஒரு சிறு குவளையில் குழந்தைக்கு எட்டும் இடத்தில் வைத்தல் நன்று. எனினும், செறிவான தோட்டச் செய்கை நடைபெறும் இடங்களிற் கிணற்று நீரில் பசளையின் நைத்திரேற்றுக் கலந்திருத்தல் கூடும். கொதிக்கவைத்தல் கிருமியை அழிக்குமேயன்றி நைத்திரேற்றை அகற்றாது. ஆதலால் அவ்விடத்துள்ளோர், சிறப்பாகக் கைக்குழந்தையுள்ள வீட்டார், நீரைப் பரிசோதிப்பித்துக்கொள்ளுதல் அவசியம்.

உணவு வந்தும் குழந்தை உண்ண மறுத்தால் யாது செய்வது? எலின் சட்டர் என்னும் அமெரிக்கப் போசணை அறிஞர் ஒரு வேலைப் பங்கீட்டைக் கூறுகின்றார். எதனை, எப்பொழுது, எங்கே கொடுப்பதென்பது பெற்றோர் பொறுப்பு; எவ்வளவு உண்பதென்பது குழந்தையின் பொறுப்பு. புதிய கறியொன்றைக் குழந்தை முதன்முறை துப்பிவிடும். எட்டுப் பத்து முறை சுவைத்த பின்னரே அதனை ஏற்கும் குழந்தைகளும் உளர். மூன்றாம் நாளிலே பெரியோர் கைவிட்டுவிடுவதே தோல்விக்குக் காரணம். அடித்து ஊட்டுதலும், "கீரை தின்றால் இனிப்புத் தருவேன்" என்று ஆசை காட்டுதலும் தகா. பின்னையது, கீரை தண்டனையென்றும் இனிப்பே பரிசென்றும் பிள்ளைக்குப் பாடம் புகட்டுகின்றது. தந்தையார் தம் கோப்பையில் கீரையை ஒதுக்கிவைத்துவிட்டு மகனை உண்ணச் சொன்னால், மகன் சொல்லைக் கேளான், செயலையே பார்ப்பான்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற முயல்பவர் ஒன்றையும் மாற்றார். தொடக்கத்திற் கூறிய வீட்டிலே ஒரு மாற்றம் மட்டும் நிகழட்டும். காலை ஆறு மணித் தேநீர் நிற்கட்டும். அதற்குப் பதிலாகக் குழந்தைக்குச் சிறிது நீர் கொடுக்கப்படட்டும். எட்டு மணிப் புட்டு ஏழு மணிக்கு வரட்டும். முதல் நாள் அழுகை பெரிதாயிருக்கும். அந்நாட்களில் அம்மம்மாவும் தந்தையாரும் தாயாரின் பக்கம் நிற்றல் வேண்டும். இரக்கப்பட்டு மறைவில் விசுக்கோத்துக் கொடுத்தல் கூடாது. சில நாட்களிற் குழந்தை பசியுடன் உணவுக்கு வரும். அப்பொழுது முருங்கையிலை வறையை அதன் முன்னே வைத்து, தாயாரும் அருகமர்ந்து தாமும் உண்ணட்டும். அக்குழந்தைக்கு வேண்டிய மருந்து அதுவே.