சொல்லும் நடத்தையும்

பேசுதல் வேறு, கருத்தைத் தெரிவித்தல் வேறு. இவ்வேற்றுமையை நமக்கு நன்கு உணர்த்துவோர் ஆட்டிசம் உடைய குழந்தைகளே ஆவர். 1943ஆம் ஆண்டில் லியோ கன்னர் என்னும் மருத்துவர் அமெரிக்காவில் தாம் கண்ட 11 குழந்தைகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அவர்களுள் 8 பேர் பேசக் கற்றனர். 3 பேர் பேசவில்லை. பேசிய எண்மரும் தம் கருத்தைப் பிறருக்கு உணர்த்த அப்பேச்சைப் பயன்படுத்தவில்லை என்பதே அவர் கண்ட உண்மை. "தண்ணீர் வேண்டுமா?" என்று தாய் கேட்டால், தாகம் கொண்ட இத்தகைய குழந்தை "தண்ணீர் வேண்டுமா?" என்றே திருப்பிச் சொல்லுதல் உண்டு.

தாயின் அன்புக் குறைவே இதற்குக் காரணம் என்று ஒரு காலத்தில் கூறினர். அது தவறென்று பின்னர் தெளிவாயிற்று. மூளையின் வளர்ச்சியில் பிறப்பு முதலே அமைந்த வேறுபாடு இது.

இக்குழந்தைகளுக்கு இருவகைப் பயிற்சிகள் தோன்றின. ஒன்று பேச்சுப் பயிற்சி. ஒலியையும் சொல்லையும் அவற்றின் பயனையும் கற்பிப்பது. மற்றொன்று நடத்தைப் பயிற்சி. ஒரு செயலைச் சிறுசிறு படிகளாகப் பிரித்துக் கற்பித்து, ஒவ்வொரு படிக்கும் ஊக்கம் தருவது. 1960களில் நடத்தைப் பயிற்சியைப் பரப்பியவர் ஐவர் லோவாஸ். அக்காலத்தில் அடியும் மின்னதிர்ச்சியும்கூடக் கையாளப்பட்டன என்பது வருந்தத்தக்க வரலாறு. மேலும், பயிற்சி அறையில் சொன்ன சொல்லைக் குழந்தை வீட்டில் சொல்லாமற்போவதும் உண்டு.

இவ்விரண்டும் எங்கே இணைகின்றன? 1985ஆம் ஆண்டில் எட்வர்ட் கார், மார்க் டுராண்ட் என்னும் இருவர் வளர்ச்சிக் குறைபாடுள்ள 4 குழந்தைகளை ஆராய்ந்தனர். பாடம் கடினமானபோதோ, ஆசிரியரின் கவனம் குறைந்தபோதோ அவர்களுடைய முரட்டுச் செயல்கள் மிகுந்தன. அவர்கள் தண்டிக்கப்படவில்லை. "எனக்கு விளங்கவில்லை" என்று சொல்லி உதவி பெறவும், "நான் நன்றாகச் செய்கிறேனா?" என்று கேட்டுப் பாராட்டுப் பெறவும் கற்பிக்கப்பட்டனர். முரட்டுச் செயல்கள் பெரிதும் குறைந்தன. அடித்தலும் ஒருவகைப் பேச்சே. அதற்கு ஈடான சொல்லைக் கொடுத்தால் கை அடங்குகிறது.

எங்கள் காஞ்சிபுரத்துக் கோர்வைச் சேலையை நினைத்துப் பாருங்கள். உடலுக்கு ஒரு நாடாவும் இரு கரைகளுக்கு இரு நாடாக்களும் ஓடுகின்றன. நெசவாளருக்குத் துணையாக மற்றொருவர் ஓரத்தில் அமர்ந்து கரை நாடாவைத் தள்ளுகிறார். இருவர் கையும் ஒத்துப் போனால்தான் உடலும் கரையும் பிரியாமல் பிணையும். பேச்சுப் பயிற்சியாளர் ஒரு சொல்லைத் தேர்ந்தெடுக்க, நடத்தைப் பயிற்சியாளர் வேறொன்றை வற்புறுத்தினால் குழந்தை குழம்பும். இருவரும் கலந்து பேசி, குழந்தை விரும்பும் விளையாட்டிலேயே அச்சொல்லுக்கு இடம் அமைத்தல் வேண்டும்.

சொல் வாயினின்றே வரவேண்டும் என்பதில்லை. படத்தை எடுத்து நீட்டுவதும், கருவியில் படத்தைத் தொட்டுக் குரல் எழுப்புவதும் பேச்சே. சென்னையில் அஜித் நாராயணன் உருவாக்கிய ஆவாஸ் என்னும் கருவி அத்தகையது. படங்களைப் பயன்படுத்தினால் பேச்சு வராமற்போகும் என்னும் அச்சத்துக்கு ஆராய்ச்சியில் ஆதாரம் இல்லை.

பெற்றோரும் இப்பணியில் பங்கு கொள்ளலாம். கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் 65 குழந்தைகளைக் கொண்டு நடந்த ஆய்வு 2016இல் வெளியாயிற்று. வல்லுநர் அல்லாத நலப் பணியாளர்கள் பெற்றோருக்குப் பயிற்சி அளித்தனர். குழந்தைகள் தாமாகவே பெற்றோரிடம் தொடர்புகொள்வது மிகுந்தது. நமக்கு அருகில், முட்டுக்காட்டில், பல்வகைக் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனம் 2005ஆம் ஆண்டில் தோன்றியது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இல் ஆட்டிசத்தையும் ஏற்றுக்கொண்டது. எனினும், "தானாகப் பேசுவான்" என்று காத்திருந்து முதல் ஆண்டுகளை இழக்கும் குடும்பங்கள் இன்றும் உள்ளன. பிள்ளையார்பாளையத்துத் தெருவானாலும் சென்னை நகரமானாலும் இந்நிலை ஒன்றே. வேண்டுதல் செய்வோர் செய்யட்டும். அதனோடு மருத்துவரையும் விரைவில் காணட்டும்.

மாணவர்களே, உங்கள் வகுப்பில் அத்தகைய ஒருவர் இருக்கக்கூடும். அவரிடம் சுருக்கமாகக் கேளுங்கள். விடைக்குச் சற்றே காத்திருங்கள். அவர் படத்தைக் காட்டினால் அதையே விடையாக ஏற்றுக்கொள்ளுங்கள். அவர் திருப்பிச் சொல்வதைக் கேட்டுச் சிரிக்காதீர்கள். அதிலும் ஒரு கருத்து இருக்கலாம்.