கட்டுத்தறியில் தொடங்கும் ஏற்றுமதி



கோயம்புத்தூர்ப் பீளமேட்டில் ஏற்றுமதியைப் பற்றிப் பேச வருகிறவர்கள் வழக்கமாகப் பம்புசெட்டைப் பேசுவார்கள், வார்ப்படத்தைப் பேசுவார்கள், அவிநாசி சாலையில் கிழக்கே கைகாட்டித் திருப்பூர் பனியனைப் பேசுவார்கள். அதிகம் பேசப்படாத ஒரு சரக்கை நான் இன்று எடுத்துக்கொள்கிறேன். அது எருமை இறைச்சி.

மாட்டிறைச்சி ஏற்றுமதி என்றதும் பிரேசிலும் ஆஸ்திரேலியாவும் நினைவுக்கு வரும். எருமை இறைச்சியையும் சேர்த்துக் கணக்கிட்டால் அவற்றுக்கு அடுத்த வரிசையில் நிற்பது இந்தியா. பசு, எருது, கன்று ஆகியவற்றின் இறைச்சியை ஏற்றுமதி செய்ய நம் நாட்டில் அனுமதி இல்லை. எலும்பு நீக்கிய எருமை இறைச்சிக்கு மட்டுமே அனுமதி உண்டு. 2019 கால்நடைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் சுமார் 11 கோடி எருமைகள் இருக்கின்றன. உலகில் வேறு எந்த நாட்டிலும் இத்தனை எருமைகள் இல்லை. வியட்நாம், மலேசியா, எகிப்து, ஈராக், சவுதி அரேபியா, ஐக்கிய அரபு அமீரகம், 2016 முதல் இந்தோனேசியா என்று வாங்குகிற நாடுகளின் பட்டியலும் நீளமானது.

இறைச்சி உண்பது பற்றி இந்தப் பட்டமளிப்பு அரங்கிலேயே பல கருத்துகள் இருக்கும். அவற்றை நான் மதிக்கிறேன். நான் பேச வந்தது மாட்டின் நோயையும், அதனால் உழவர் இழக்கும் பணத்தையும் பற்றி. அதில் நமக்குள் கருத்து வேறுபாட்டுக்கு இடமில்லை.

2014-15-ல் இந்தியா ஏறத்தாழ 14.75 லட்சம் டன் எருமை இறைச்சியை விற்று 478 கோடி டாலர் ஈட்டியது. 2023-24-ல் விற்றது சுமார் 12.95 லட்சம் டன், ஈட்டியது 374 கோடி டாலர். கணக்குப் போட்டுப் பாருங்கள். கிலோவுக்குச் சுமார் 3.25 டாலர் கிடைத்த இடத்தில் 2.90 டாலர்தான் கிடைத்திருக்கிறது. ஒன்பது ஆண்டுகளில் அளவும் குறைந்தது, விலையும் குறைந்தது. உலகம் இறைச்சி வாங்குவதைக் குறைத்துக்கொள்ளவில்லை. ஜப்பானும் தென்கொரியாவும் அமெரிக்காவும் ஐரோப்பாவும் நல்ல விலை கொடுத்து வாங்கிக்கொண்டுதான் இருக்கின்றன. நம்மிடம் வாங்குவதில்லை, அவ்வளவுதான்.

காரணம் ஒரு நோய். உங்களில் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அதை நன்றாகத் தெரியும்: கோமாரி. வாயிலும் குளம்பிலும் கொப்புளம் கிளம்பும். மாடு எச்சில் ஒழுக நிற்கும், தீனி எடுக்காது, பால் வற்றும். பிழைத்து எழுந்தாலும் பழைய கறவைக்குத் திரும்புவது கடினம். இந்த நச்சுயிரி காற்றிலும் தீவனத்திலும் வண்டிச் சக்கரத்திலும் செருப்பிலும் பயணம் செய்யும். அதனால்தான் கோமாரி உள்ள நாட்டின் இறைச்சி என்றாலே உயர்விலைச் சந்தைகள் கதவைச் சாத்திக்கொள்கின்றன.

எலும்பை நீக்கி அனுப்புவதன் பின்னணியிலும் இந்த நோய்தான் இருக்கிறது. அறுத்தபின் இறைச்சியைக் குளிர்ச்சியில் ஒரு நாள் வைத்தால் அது தானாகவே அமிலத்தன்மை அடையும். அமில கார அளவு 6-க்குக் கீழே இறங்கியதும் தசையில் உள்ள கோமாரிக் கிருமி அழிந்துவிடும். எலும்பு மஜ்ஜையிலும் நிணநீர்க் கணுக்களிலும் அது தங்கிவிடும் என்பதால் அவை இரண்டையும் நீக்குகிறார்கள். பாதுகாப்பான, அறிவியல் முறைப்படியான ஏற்பாடு இது. ஆனாலும் இது ஆலைக்குள் செய்யும் பரிகாரம். நோய் கட்டுத்தறியில் இருக்கும்வரை விலை ஏறாது.

நோய் ஒரு நாட்டின் வாணிபத்தை எவ்வளவு வேகமாக நிறுத்தும் என்பதை 2025 ஜனவரியில் உலகம் பார்த்தது. ஜெர்மனியில், பெர்லினுக்குப் பக்கத்தில், ஒரு பண்ணையின் எருமைக் கூட்டத்தில் கோமாரி கண்டறியப்பட்டது. 1988-க்குப் பிறகு அந்த நாட்டில் அதுவே முதல் முறை. உடனே தென்கொரியா ஜெர்மானியப் பன்றி இறைச்சியை நிறுத்தியது. பிரிட்டன் மாடு, ஆடு, பன்றி மூன்றையும் நிறுத்தியது. நோய் வந்தது ஒரு பண்ணையில், கதவு மூடியது நாடு முழுமைக்கும். ஆனால் எங்கே, எத்தனை விலங்குகள், எது எங்கே போனது என்று ஜெர்மனியால் ஏட்டைக் காட்ட முடிந்தது. சில மாதங்களிலேயே இழந்த தகுதியை அது திரும்பப் பெற்றது.

உருகுவேயின் கதை நமக்கு இன்னும் நெருக்கமானது. 35 லட்சம் பேர் மட்டுமே வாழும் அந்த நாட்டில் மனிதர்களைவிட மாடுகள் மும்மடங்குக்கும் அதிகம். 2001-ல் கோமாரி பரவி ஏற்றுமதி முடங்கியது. அவர்கள் மந்தை முழுவதற்கும் தடுப்பூசி போட்டார்கள். 2006-ல் சட்டம் இயற்றி, பிறக்கும் கன்று ஒவ்வொன்றுக்கும் மின்னணு அடையாளத்தைக் கட்டாயமாக்கினார்கள். அந்தக் காதுவில்லையை அரசே இலவசமாகக் கொடுத்தது. மாடு பண்ணை மாறினால் பதிவும் மாறும். இன்றும் தடுப்பூசி போட்டுக்கொண்டே ‘நோயற்ற நாடு’ என்ற தகுதியை வைத்திருக்கிறார்கள். 2019-ல் ஜப்பான் சந்தை அவர்களுக்கு மீண்டும் திறந்தது. பிரேசிலோ இன்னும் ஒரு படி மேலே போய், தடுப்பூசியும் தேவைப்படாத நோயற்ற நாடு என்ற ஏற்பை உலக விலங்கு நல அமைப்பிடம் 2025 மே மாதத்தில் பெற்றுவிட்டது. நம்மைவிடப் பெரிய போட்டியாளர் நமக்கு மூடிய கதவுகளைத் திறக்கப் போகிறார். நாம் விரைந்தாக வேண்டும்.

நாம் சும்மா இருக்கவில்லை. 2019 செப்டம்பரில் மதுராவில் தொடங்கிய தேசியக் கால்நடை நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்துக்கு மத்திய அரசு 13,343 கோடி ரூபாய் ஒதுக்கியது. கோமாரியை 2030-க்குள் ஒழிப்பது அதன் இலக்கு. மாட்டின் காதில் 12 இலக்க எண் பொறித்த வில்லையை நீங்கள் பார்த்திருப்பீர்கள். நம் ஊர்களில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை தடுப்பூசி முகாம் நடக்கிறது. நோயற்ற மண்டலமாக்கத் தேர்ந்தெடுத்த மாநிலங்களில் தமிழ்நாடும் இருக்கிறது. தமிழ்நாட்டில் எருமைகள் ஐந்து லட்சம் அளவுக்குச் சுருங்கிவிட்டன, நம்மிடம் கறவை மாடுகளே அதிகம். ஆனால் கோமாரி எருமைக்கும் மாட்டுக்கும் ஆட்டுக்கும் பொது. பொள்ளாச்சிச் சந்தையில் கை மாறும் ஒரு மாடு இரண்டே நாளில் மாநில எல்லை கடந்துவிடும். அதன் காதில் உள்ள எண் புதிய உரிமையாளரின் பெயருக்கு மாறியதா என்ற கேள்வியில்தான் நாம் பின்தங்கி நிற்கிறோம்.

கொங்கு நாட்டுக்கு இந்தப் பாடம் புதிதன்று. 2006-ல் மகாராஷ்டிரத்தின் நவாப்பூரில் பறவைக் காய்ச்சல் வந்தது. நாமக்கல்லில் ஒரு கோழிக்கும் நோய் இல்லை. ஆனாலும் வளைகுடா நாடுகள் இந்திய முட்டைக்குத் தடை போட்டன, பெட்டி பெட்டியாக முட்டை தேங்கியது. அங்கே நோய் வந்தால் இங்கே ஏன் தண்டனை என்று கேட்டோம். கேள்வி நியாயமானது. பதிலைச் சான்றோடு சொல்லப் பல ஆண்டுகள் பிடித்தன. 2023-ல் தமிழ்நாடு உள்ளிட்ட நான்கு மாநிலங்களின் 26 கோழிப்பண்ணைத் தொகுதிகள் பறவைக் காய்ச்சல் அற்றவை என்ற இந்தியாவின் அறிவிப்பை உலக விலங்கு நல அமைப்பு ஏற்றது. நாட்டில் வேறெங்கோ நோய் வந்தாலும் இந்தத் தொகுதிகள் தனித்து நிற்க வழி கிடைத்தது. 2025 ஜூனில் நாமக்கல் முட்டை அமெரிக்காவுக்கே கப்பலேறியது.

மாணவச் செல்வங்களே, இதில் உங்களுக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். நிறைய இருக்கிறது. கோமாரித் தடுப்பூசி 2 முதல் 8 டிகிரிக்குள் இருந்தால்தான் வேலை செய்யும். மின்வெட்டு உள்ள கிராமத்தில் கடைசி மாடுவரை அந்தக் குளிர்ச்சியைக் கொண்டு சேர்க்கும் பெட்டியைக் கோயம்புத்தூர்ப் பட்டறைகளால் செய்ய முடியாதா? சந்தையில் மாடு விற்கும் நொடியிலேயே கைபேசியில் பதிவு மாறும் மென்பொருளை உங்களில் யாராவது எழுத வேண்டும். ஆய்வகத்துக்கு மாதிரி அனுப்பிக் காத்திராமல் கட்டுத்தறியிலேயே நோயைக் காட்டும் சோதனைக் கருவியை உயிரித் தொழில்நுட்பம் படித்தவர்கள் உருவாக்கலாம். மேலாண்மை படித்தவர்கள், தரச் சான்றுக்கு ஆகும் செலவை ஏழை உழவர் தலையில் கட்டாத ஒரு முறையை வகுக்கலாம்.

கடைசியாகச் சொன்னதுதான் எனக்கு மிக முக்கியமானது. எருமை வளர்ப்பவர் பாலுக்காகவே வளர்க்கிறார். பால் வற்றிய எருமையை விற்ற பணத்தில்தான் அடுத்த கறவையை வாங்குகிறார். இந்தத் தொழிலின் அடியில் நிற்பவர் இரண்டு மாடு வைத்திருக்கும் ஒரு பெண். கோமாரி ஒழிந்தால் முதல் லாபம் அவருடைய பால் பாத்திரத்தில் சேரும், ஏற்றுமதியாளரின் கணக்கில் பிறகுதான் ஏறும். இந்த வரிசையை யாரும் மாற்றிவிடக் கூடாது.

உலகச் சந்தையில் இந்தத் தொழிலுக்கு எதிர்காலம் உண்டு என்று உறுதியாக நம்புகிறேன். ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் வாங்கும் சக்தி கூடுகிறது, நம்மிடம் சரக்கும் இருக்கிறது. ஆனால் மலிவாக விற்பதையே திறமையாக எண்ணிக்கொண்டிருந்தால் இன்னும் பத்தாண்டு கழித்தும் கிலோ மூன்று டாலரிலேயே நிற்போம். விலையை உயர்த்தப் போவது சான்று. அந்தச் சான்று உண்மையாக இருக்க வேண்டும்.

நீங்கள் எந்தத் துறைக்குப் போனாலும் உங்கள் கையெழுத்து விழும் ஒவ்வொரு தாளும் ஒரு சான்றுதான். போடாத ஊசியைப் போட்டதாக எழுதாதீர்கள், பார்க்காத சரக்கைப் பார்த்ததாக ஒப்பமிடாதீர்கள். ஒரு பொய்ச் சான்று ஒரு மாவட்டத்தின் உழைப்பையே துறைமுகத்தில் நிறுத்திவிடும். உங்கள் கையெழுத்தை உலகின் எந்தத் துறைமுகமும் நம்பும்படி வாழுங்கள். பெற்ற பட்டத்துக்கும் பெற்றோருக்கும் நீங்கள் செய்யும் மரியாதை அதுவே.