மண்ணுக்குள் ஒரு மாளிகை



சிறு வயதில் எங்கள் வீட்டு முற்றத்தில் இருந்த எறும்பு வளை ஒன்றை நான் குச்சியால் தோண்டிப் பார்த்ததுண்டு. எறும்பின் வீட்டைக் கண்டுவிட வேண்டுமென்பது ஆசை. தோண்டத் தோண்ட மண் சரிந்ததே தவிர, வீடு தென்படவில்லை. அதில் வியப்பொன்றுமில்லை. எறும்பின் வீடு என்பது மண்ணுக்குள் இருக்கும் வெற்றிடம்; மண்ணைக் கலைத்தால் அதுவும் மறைந்துபோகும். அப்படியாயின், அந்த வெற்றிடத்தைக் காண்பது எவ்வாறு?

அமெரிக்காவில் புளோரிடா மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வால்ட்டர் சிங்கல் என்னும் அறிஞர், விதைகளைச் சேமித்து வைக்கும் ஓர் எறும்பினத்தைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். பல் மருத்துவர்கள் அச்செடுக்கப் பயன்படுத்தும் சாந்தை நீரில் கரைத்து வளைக்குள் ஊற்றினார். அது இறுகியபின், பக்கத்தில் ஆழமான குழி வெட்டி, அச்சைத் துண்டு துண்டாக எடுத்து ஒட்டி நிறுத்தினார். உருக்கிய அலுமினியத்தையும் ஊற்றிப் பார்த்தார். அலுமினியம் உருகுவதற்கு 660 பாகை செல்சியஸ் வெப்பம் வேண்டும். ஆகவே, உலையையும் உடன் கொண்டு சென்றார்.

வெளிவந்த உருவம் என்ன தெரியுமா? இரண்டு மீட்டருக்கும் மேற்பட்ட ஆழம் வரை திருகுபோல் சுழன்று இறங்கும் பாதை. அதிலிருந்து பிரியும் தட்டையான அறைகள். மேலே அவை பெரியனவாய் நெருங்கியிருக்கும். கீழே செல்லச் செல்லச் சிறுத்து விலகும். இவ்வெறும்புகள் ஏறக்குறைய ஆண்டுக்கு ஒரு முறை குடிபெயர்கின்றன. நான்கு முதல் ஆறு நாட்களுக்குள் புதிய வீட்டைத் தோண்டி முடிக்கின்றன. அங்கே கட்டளையிடும் சிற்பியும் இல்லை, வரைபடமும் இல்லை.

இருளில் எறும்பு ஆழத்தை எப்படி அறிகிறது? மண்ணில் ஆழம் மிக மிகக் கரியமிலவாயுவும் மிகும். அதுவே எறும்புக்கு அளவுகோலாக இருக்கலாமென்று சிங்கல் ஊகித்தார். சோதனையில் அந்த வாயுவின் நிலையை மாற்றியமைத்தபோதும், எறும்புகள் வழக்கம்போலவே கட்டின. தம் ஊகம் பொருந்தவில்லை என்பதை 2013இல் அவரே வெளியிட்டார். அறிவியலின் நேர்மைக்கு இதைவிட நல்ல சான்று வேண்டுமோ?

ஆயினும், இம்முறைக்கு ஒரு விலை உண்டு. உருகிய உலோகம் பாயும் வளையில் குடியிருக்கும் எறும்புகள் மடிகின்றன. வீட்டின் வடிவம் கிடைக்கிறது. வீடு கட்டும் செயல் கிடைப்பதில்லை. இக்குறையை நீக்க முயன்றது கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தினர் 2021இல் வெளியிட்ட ஆய்வு. அரை லிட்டர் மண்ணில் பதினைந்து எறும்புகளை விட்டு, பத்து நிமிடத்திற்கொரு முறையாக இருபது மணி நேரம் எக்ஸ்-கதிர்ப் படம் எடுத்தார்கள். எறும்புகள் சுரங்கம் தோண்டும்போது, சுற்றியுள்ள மண் துகள்கள் கோயில் வாயிலின் வளைவுபோல் தம்முள் சுமையைப் பகிர்ந்து தாங்குவதைக் கணித்தறிந்தார்கள். ஆனால், சிறு கிண்ணத்தில் இரண்டு மீட்டர் மாளிகை எழாது. ஒரு முறை முழு வடிவைக் காட்டுகிறது. மற்றொன்று உயிருள்ள உழைப்பைக் காட்டுகிறது. இரண்டையும் சேர்த்தே நாம் உண்மையை அறிய வேண்டியிருக்கிறது.

அன்று என் குச்சி ஒரு வீட்டை அழித்தது. நான் கற்றது ஒன்றுமில்லை. அறியும் ஆவல் போற்றத்தக்கதே. ஆனால், அழிவைக் குறைத்து அறிவைப் பெருக்கும் வழியைத் தேடுவதும் அறிவியலின் கடமையன்றோ? அவ்வழியை இன்னும் செம்மையாக்குவோர் உங்களுள் சிலராகவும் இருக்கலாம்.